நல்ல கண்ணுக்கு ஆள் எடுத்தார்கள்

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே “பொம்மையா?” என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பொம்மையும் செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் பார்ப்பது ஃபியூஸ் கட்டை. வீட்டுக்கு வீடு மெயின் போர்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். சூளையிலிருந்து வெந்து ஆறி வந்ததும் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் ஏழு பெண்கள். ஒரு கட்டையை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, இன்னொரு கட்டையோடு லேசாகத் தட்டிச் சத்தத்தையும் கேட்டுவிட்டு, நல்லதை வலது பக்கமும் கெட்டதை இடது பக்கமும் போட வேண்டும். முடி அளவு விரிசல் இருந்தால் கெட்டது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கெட்டது. இது விரிசல்தானா, இல்லை மேல்பூச்சில் விழுந்த கோடா என்று சந்தேகம் வந்தால் அதுவும் கெட்டதுதான். கரண்டு போகிற சாமானைச் சந்தேகத்தோடு ஒருத்தர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பத்தொன்பது வருஷமாக இந்த வேலை. சந்தேகம் என்று மனதுக்கு வருவதற்குள் என் கை இடது பக்கம் போய்விடும்.

அப்படிப்பட்ட கையைத் தாண்டிப் போன வருஷம் இரண்டு விரிசல் கட்டைகள் வெளியே போய்விட்டன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பார்த்தவருடைய நம்பர் சீட்டு இருக்கும். என் நம்பர் நாலு. வாங்கியவர்கள் கட்டையையும் சீட்டையும் சேர்த்தே திருப்பி அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவரோ மற்றவர்கள் காதில் விழாமல், “பரவால்லக்கா, யாருக்கும் நடக்குறதுதானே” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பரிவுதான் என்னைக் கொன்றது. அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

நான் பயந்தது வேலையை நினைத்து மட்டுமல்ல. அண்ணனை நினைத்து.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது பெரியவர். அதே கம்பெனியில் அச்சுப் பக்கம் வேலை. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, கெட்டியானதும் பிரித்தெடுப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாத கதை தனிக் கதை, அது இங்கே வேண்டாம். அப்பா கட்டின வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து ஒரு பாதியில் அவரும் மறுபாதியில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். குழம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்.

சில வருஷங்களுக்கு முன் அவருக்குக் கண்ணில் ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பது போல இருந்தது. கழுவினார், போகவில்லை. நேராகப் பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு மங்கல். ஓரமெல்லாம் தெரிகிறது, நடுவில்தான் இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற விழித்திரை நடுவில் தேய்ந்துகொண்டே வருகிறது, கண்ணாடியும் உதவாது, ஆபரேஷனும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பார். அப்படிப் பார்த்தால்தான் முகம் தெரியுமாம். விஷயம் தெரியாதவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போவது எப்போதும் அவருடைய கூட்டாளி ஒருத்தர்தான். கம்மாபுரத்துக்காரர், சூளைக்குள் போகிற வண்டியில் சாமான் அடுக்குகிறவர். ஒரு நாள் டீக்கடையில் அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. “அது வம்சத்துல வர்றதாம்பா. சொந்தத்துல கட்டுனா வருமாம்.” எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருத்தருக்கு வந்துவிட்டது. இன்னொருத்தி நான்.

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு கட்டைகள் திரும்பி வந்தன.

அன்றிலிருந்து நான் என் கண்ணையே சோதித்துக்கொண்டிருந்தேன். பல் தேய்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். பிறகு அடுத்த கண். காலண்டரில் தேதியைப் பார்ப்பேன், அதற்குக் கீழே இருக்கும் நல்ல நேரம் தெரிகிறதா என்று பார்ப்பேன், மங்கலாகத் தெரியும், மறுபடி அடுத்த கண்ணால் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள், “என்னாடி, காலங்காத்தால யாரைப் பாத்துக் கண்ணடிக்கிற?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனிடம் சொல்ல அதைவிடத் தைரியம் இல்லை. அவர் ஒரு நோயைச் சுமப்பது போதாதா, என்னுடையதையும் தூக்கி அவர் தலையில் வைப்பேனா? டாக்டரிடம் போகலாம். போனால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது வந்துவிட்டது என்று ஆகிவிடும். இப்படி முட்டாள்தனமாக ஐந்து மாதம் ஓட்டினேன்.

போன தை கழிந்து அண்ணனுக்கு ஆஸ்பத்திரி தேதி வந்தது. கூட்டாளிக்கு அன்று ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றிக் கூட்டம், அவரால் வர முடியவில்லை. நான் லீவு போட்டு வருகிறேன் என்றேன்.

“நீ வர வேணாம்” என்றார் அண்ணன்.

“பின்ன யாரு வருவாங்க?”

“நானே போயிட்டு வரேன். பஸ்ஸு போர்டைக் கண்டக்டர்கிட்ட கேட்டுக்க மாட்டனா?”

“கடலூர்ல மாறணும். ரோடு கிராஸ் பண்ணணும். விளையாடாதே.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்படுகிற ஆள் இல்லை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, “சொன்னா கேக்கணும். ஒனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல” என்றார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நானும் போய் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இன்னொரு காரியம் செய்தார். உள்ளே கூட்டிப் போக விடாமல், தண்ணீர்க் குழாய் பக்கம் இருந்த பெஞ்சைக் காட்டி, “நீ இங்கயே ஒக்காரு. கவுண்டருக்கு நான் போயிக்கிறேன். கூப்புடுற வரைக்கும் உள்ள வராத” என்றார். சுவரைத் தடவிக்கொண்டே போனார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அவரை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அங்கேதான் அந்தப் பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் ஃபைல். துணைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். “அக்கா, ஒங்களுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறு இருக்குதா? சுகர், பிரஷர்?”

“இல்லம்மா, ஏன்?”

ஒரு புது மெஷின் வந்திருக்கிறதாம். விழித்திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரைக்கும் தெரிகிறது என்று அது அளக்குமாம். நோயாளிக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், நல்ல கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிய வேண்டுமே. வெளிநாட்டு ஆட்களை அளந்த கணக்குதான் கையில் இருக்கிறது. நம் ஊர் ஆட்களுக்கு எவ்வளவு என்று எடுக்கிறார்கள். அதற்கு வியாதி இல்லாத ஆட்கள் வேண்டும். “நார்மலா இருக்கறவங்க கெடைக்கறதுதான் கஷ்டமா இருக்குதுக்கா” என்றாள். கண் ஆஸ்பத்திரியில் போய் நல்ல கண்ணைத் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்று கேட்க நினைத்தேன்.

அதற்குள் எனக்கு வேறொன்று தோன்றிவிட்டது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், நோயாளியாகப் பெயர் கொடுக்காமல், நல்ல கண்ணுக்காரி என்ற பெயரிலேயே போய் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம். நல்லதென்றால் நல்லது. கெட்டதென்றால் எனக்கு மட்டும் தெரியும். “வரேம்மா” என்றேன்.

படிவத்தில் அவள் கேட்டுக் கேட்டு எழுதினாள். வயசு, வேலை, கண்ணாடி உண்டா. பிறகு, “ஒங்க குடும்பத்துல யாருக்காவது ரெட்டினா பிரச்சினை இருக்குதா? ரத்த சொந்தத்துல? இருந்தா இதுல சேத்துக்க மாட்டோம்” என்றாள்.

“இல்ல.”

“நீங்க யாருகூட வந்திருக்கீங்க?”

“பக்கத்து வூட்டுக்காரரு” என்றேன்.

பொய்யும் இல்லை. நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் கூடப் பிறந்தவரை, பத்து அடி தூரத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரை, யாரோ என்று சொல்லிவிட்டேன். குழாய்த் தண்ணீரை இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

இருட்டான ஒரு சின்ன அறை. கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தாள். அந்த நேரம்தான் மோசம். இருட்டில் எனக்குத் தெரிகிறதா தெரியவில்லையா என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடினாள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னாள், நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டச் சொன்னாள். கையில் ஒரு பட்டன். உள்ளே மங்கலான வெளிச்சம், நடுவில் சிவப்பாக ஒரு சின்ன வட்டம்.

“அந்தச் செவப்பையே பாருங்கக்கா. சுத்தி எங்கயாவது புள்ளியா வெளிச்சம் வரும். தெரிஞ்சா பட்டனை அமுக்குங்க. அதைத் தேடிக்கிட்டுப் போவாதீங்க, கண்ணு நடுவுலயே இருக்கணும்.”

இதைவிடக் கஷ்டமான வேலையை என்னிடம் யாரும் கொடுத்ததில்லை. பத்தொன்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவே சம்பளம் வாங்குகிற கண். அதைப் பிடித்து ஓரிடத்தில் கட்டிப் போட்டால் நிற்குமா? புள்ளி மின்னியதும் கண் அங்கே ஓடிவிடும். “கண்ணை ஓட்டாதீங்கக்கா” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் பழகியதும் புள்ளிகள் வந்தன. முதலில் பளிச்சென்று. அமுக்கினேன். அப்புறம் மங்கலாக. அமுக்கினேன். அப்புறம் இன்னும் மங்கலாக, வந்ததா வரவில்லையா என்று சொல்ல முடியாதபடி ஒன்று. வந்த மாதிரியும் இருந்தது, என் கண்ணே உண்டாக்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. நான் அமுக்கவில்லை. அடுத்தது. அதுவும் அப்படியே. அமுக்கவில்லை. வராததை வந்ததென்று அமுக்கிவிட்டால் அது மோசடி இல்லையா? நிச்சயமாகத் தெரிந்தால்தான் தெரிந்தது. கட்டை விரல் பட்டன் மேல் வியர்த்துக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் எதுவுமே வரவில்லை என்று தோன்றியபோது, மெஷின் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. சிவப்பு வட்டமே இரண்டாகத் தெரிந்தது.

முடிந்ததும் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். ஏதோ சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். என் கண்ணின் உள்பக்கப் படம், அதன்மேல் புள்ளி புள்ளியாக நம்பர். பச்சைப் புள்ளிகள் கொஞ்சம். மற்றதெல்லாம் மஞ்சள். நடுவில் சிலது ஆரஞ்சு.

அந்தக் கலர்களை எனக்குத் தெரியும். பழைய மெஷினிலும் இதே கலர்கள்தான்; அண்ணனுடைய ரிப்போர்ட்டை என் பீரோவில்தான் வைத்திருக்கிறார். அவருடையதில் நடுவில் சிவப்பும் கறுப்பும். முதல் வருஷத்து ரிப்போர்ட்டில் ஆரஞ்சும் மஞ்சளும்தான் இருந்தது.

“ஒங்க குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு சொன்னீங்க இல்லக்கா?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள். சூப்பர்வைசர் பேசிய அதே குரல்.

நான் உடைந்துவிட்டேன். சத்தமாகவே அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. “அந்த ரூம்ல இருக்கறவரு பக்கத்து வூடு இல்லம்மா. என் கூடப் பொறந்த அண்ணன். அவருக்கு வந்திருக்குது. எனக்கும் வந்துடுச்சு, இல்ல?”

அவள் பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். ஐம்பது வயசிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அண்ணனுடைய பெயரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டினார். புருவம் சுருங்கிற்று.

“இவருதானே? விருத்தாசலம்? இவருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு இருக்குதே.”

“தப்பா இருக்குங்க.”

“தப்பா எழுத முடியாதும்மா. நானே கேட்டிருக்கேன். ஒவ்வொரு வாட்டியும் கேட்டிருக்கேன். தம்பி, தங்கச்சி இருந்தா கட்டாயம் கூட்டிட்டு வாங்க, பாக்கணும்னு. ஒத்தப் பிள்ளைன்னு சொன்னாரு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க முதல்ல பக்கத்து வூடுன்னீங்களாம். இப்போ தங்கச்சிங்கறீங்க. எது நெசம்?”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஒத்தப் பிள்ளை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கொடுத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே, எனக்கு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். “தங்கச்சிதாங்க” என்றேன் ஆத்திரத்தோடு. டாக்டரம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, மூக்கு அவரு மூக்குதான்” என்றார்.

பிறகு அந்தப் படத்தைப் பார்த்தார். “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். ஃபியூஸ் கட்டை, விரிசல், இடது பக்கம், வலது பக்கம். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

“புள்ளி மங்கலா வரும்போது என்ன பண்ணீங்க?”

“நிச்சயமா தெரிஞ்சா அமுக்கினேங்க. சந்தேகமா இருந்ததை விட்டுட்டேன்.”

“ஏன் விட்டீங்க?”

“சந்தேகம்னா எப்படிங்க எடுக்கறது? எங்க வேலையில சந்தேகம்னா தள்ளிடுவோம்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இங்க சந்தேகத்தைத்தாம்மா நாங்க அளக்குறோம்” என்றார். “பளிச்சுன்னு தெரியறது யாருக்கும் தெரியும். இருக்குதா இல்லையான்னு தோணுற எடம்தான் கணக்கு. தோணினாலே அமுக்குங்க. தப்பானாப் பரவால்ல, அதையும் மெஷின் பாத்துக்கும். மொத வாட்டி கொஞ்சம் கம்மியா வர்றது எல்லாருக்கும் சகஜம். ஒங்களுக்கு ரொம்பவே கம்மியா வந்திருக்குது, ஏன்னு இப்பதான் புரியுது.”

ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி இருட்டு, மறுபடி தாடை, மறுபடி சிவப்பு வட்டம். சந்தேகத்தை வலது பக்கம் போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் சந்தேகம் வந்தபோது விரல் மறுத்தது. உடம்பே மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. அடுத்ததை அமுக்கினேன். நிழலா, வெளிச்சமா, நினைப்பா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அமுக்கினேன். வலது கண் முடிந்து இடது கண். முடியும்போது என் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது.

பச்சை. இரண்டு கண்ணும், ஓரம் நடு எல்லாம் பச்சை.

அதோடு விடவில்லை, டாக்டரம்மா மருந்து ஊற்றிக் கண்ணுக்குள் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். விழித்திரை சுத்தமாக இருக்கிறது என்றார். இந்த வயசுக்கு மேல் எனக்கு இந்த நோய் வராதா என்று கேட்டேன். இப்போது ஒரு அறிகுறியும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள், நிம்மதியாக இருங்கள் என்றார். மருந்து ஊற்றுவதற்கு முன்பே அந்த இரண்டு கட்டைகளைப் பற்றியும் சொல்லியிருந்தேன். அப்போதே ஒரு அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கையை நீட்டி நீட்டிப் பிடித்தேன். “நாப்பத்திரெண்டு வயசு ஆச்சில்ல? இது வெள்ளெழுத்தும்மா. கிட்டப் பாக்க ஒரு கண்ணாடி போட்டா சரியாயிடும். ஊருல இருக்கற எல்லாருக்கும் வர்றதுதான்.” ஐந்து மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்தது வெள்ளெழுத்துக்கு.

“ஆனா ஒங்க கணக்கை எங்களால சேத்துக்க முடியாதுக்கா” என்றாள் அந்தப் பெண், வருத்தத்தோடு. “அண்ணனுக்கு இருக்குது இல்ல, அதனால.” என் கண் நல்ல கண்தான், நல்ல கண் என்று அவர்கள் ஏட்டில் ஏறாது, அவ்வளவுதான். பொய் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லக்கா என்றாள்.

வெளியே வந்தால் தண்ணீர்க் குழாய் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மருந்து ஊற்றின கண்ணால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் வெளிச்சம் கூசிற்று. என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“எங்க போய்த் தொலைஞ்ச? எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கறது?”

“நீ ஒத்தப் பிள்ளையாமே” என்றேன்.

அவர் முகம் மாறிற்று. எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. தங்கச்சி உனக்குச் செத்துப் போய்ட்டாளா, அவ ஆக்கிக் கொடுத்த சோறு மட்டும் எப்படி எறங்குது என்றெல்லாம் கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுக்கொண்டே நான் அழுதேன்.

அவர் குனிந்தபடியே சொன்னார். “மொத வாட்டியே சொன்னாங்க. கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாம், கூட்டிட்டு வாங்கன்னு. ஒன்னைக் கூட்டிட்டு வந்து, ஒனக்கும் இருக்குதுன்னு சொல்லிட்டா நான் என்னா பண்ணுவேன்? மருந்தா இருக்குது? வெறும் பேரைக் கேட்டுக்கிட்டு வூட்டுக்குப் போவணும். எனக்குச் சொன்ன நாள்லேருந்து நான் நிம்மதியா ஒரு வாய் தின்னது கெடையாது. நீயாவது தெரியாம இருன்னு நெனச்சேன். தங்கச்சியே இல்லன்னு சொல்லிட்டா யாரும் ஒன்னைத் தேட மாட்டாங்க இல்ல?”

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உள்ள என்னையும் பாத்தாங்க” என்றேன்.

அவர் என் காதுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

“நல்லா இருக்குதாம்.”

“நடுவுல?”

“நடுவுலயும்.”

“ரெண்டு கண்ணுமா?”

“ரெண்டு கண்ணும். படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டாங்க. வெறும் வெள்ளெழுத்தாம்.”

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார். பஸ்ஸுக்குக் கிளம்புகிறார் என்று பையை எடுத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு கவுண்டருக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

“ஏம்மா, என் ஃபைல்ல ஒண்ணு தப்பா இருக்குது. திருத்தணும். கூடப் பொறந்தவங்க இல்லன்னு போட்டிருக்குது. ஒரு தங்கச்சி இருக்குது. எழுதிக்குங்க.”

கவுண்டரில் இருந்த பெண் ஃபைலைத் தேடி எடுத்தாள். பெயர் கேட்டாள். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லாமல் ரேஷன் கார்டில் இருக்கிற முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயசு கேட்டாள். சொன்னார். அவள் எழுதி முடித்து ஃபைலை மூடப் போனாள்.

“கண்ணு நல்லா இருக்குதுன்னு அதையும் எழுதிக்குங்கம்மா.”

“அதுக்கு இதுல எடம் இல்ல சார்” என்றாள் அவள்.

“ஓரத்துல எழுதுங்க” என்றார் அண்ணன்.